நீலக் கயிற்றுக் கட்டுகள்

புல்லைப் பூ விடுவதற்கு முன்னால் அறுத்துவிட வேண்டும். பூ விட்ட புல் பார்க்க அழகாக இருக்கும், எடையும் கூடும், ஆனால் தண்டு மரத்துப்போய்விடும். மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். இந்த அந்தமானில் டாலிகஞ்சைச் சுற்றி மாடு வைத்திருக்கும் பாதிப் பேருக்கு இது தெரியாது. பூ முற்றிய பிறகு அறுத்து, நாலு நாள் வெயிலில் போட்டு வெளுக்கவைத்து, அதையும் தீவனம் என்று வாய் கூசாமல் சொல்லிக்கொள்கிறார்கள்.

இன்ஸ்பெக்டர் அவர்களே, நேற்று ஸ்டேஷனில் நீங்கள் என் தோளைத் தட்டி, "அங்கிள், கேஸ் பந்த். கர் ஜாயியே, ஆராம் கரியே" என்று, கேஸ் முடிந்தது, வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பிவைத்தீர்கள். மரியாதையாக நடத்தினீர்கள், அதற்கு நன்றி. ஆனால் கையெழுத்துக்காக நீங்கள் நீட்டிய ரிப்போர்ட்டை நான் முழுவதும் படித்தேன். ஹேடோ துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை. அதில் ஒரு வரி தவறு. அதைத் திருத்தத்தான் இந்தக் காகிதம். எந்த மொழியிலும் எழுதலாம் என்று உங்கள் ரைட்டர் சொன்னார். என் இந்தி கடைத்தெருவுக்குத்தான் ஆகும். தமிழிலேயே எழுதுகிறேன்.

என் மனைவி ருக்கு இறந்து இன்றோடு பதினெட்டு நாள். நுரையீரல் சுருங்கி இறந்தாள். கொட்டகையில் இருந்த பூஞ்சை பிடித்த புல்லின் தூசிதான் காரணம் என்று பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் சொல்லியிருக்கிறார். அது சரி. அதில் எனக்குத் தகராறு இல்லை.

தவறான வரி இதுதான். "இறந்தவரின் கணவர் முத்துகிருஷ்ணன், புல்லை முறையாக உலர்த்தும் விதம் தெரியாத காரணத்தால், ஈரம் போகாமலே கட்டி அடுக்கியுள்ளார். இது அறியாமையால் நேர்ந்த விபத்து." உங்களோடு கொட்டகையைப் பார்க்க வந்த விவசாய அதிகாரி எழுதிக்கொடுத்தது. அந்தப் பையனுக்கு முப்பது வயதுகூட இராது. பத்து நிமிஷம் நின்றான். மூக்கைப் பொத்திக்கொண்டு நாலு போட்டோ எடுத்தான். பச்சைக் கயிறு போட்ட கட்டுகளின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு உலர்த்தத் தெரியாது என்று இந்தத் தீவில் வேறு யாரும் சொல்லமாட்டார்கள்.

இங்கே உலர்புல் செய்வது லேசான காரியம் இல்லை. வருஷத்தில் எட்டு மாதம் மழை. மிச்சமிருக்கும் நாலு மாதத்திலும் கடல் காற்றில் உப்பும் ஈரமும் கலந்தே இருக்கும். மாலை ஐந்தேகாலுக்கே பொழுது சாய்ந்துவிடும், அதற்கு முன்பே பனி இறங்கத் தொடங்கும். அதனால்தான் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரும் வைக்கோலை எல்லோரும் வாங்கிப்போட்டார்கள். அது வந்து இறங்கும்போதே பாதி மக்கிக் கிடக்கும். ரிடையர் ஆன வருஷம், ஊருக்கு வெளியே மாமனார் ருக்குவின் பெயரில் எழுதிவைத்திருந்த இரண்டு ஏக்கரில் நான் கினிப் புல் போட்டபோது எல்லோரும் சிரித்தார்கள். அந்தமானில் புல்லைக் காயவைக்கப் போகிறாராம் என்று அப்துல் ஹாதியே கேலி செய்தார். டாலிகஞ்சில் தீவனக் கடை வைத்திருப்பவர். இரண்டாவது வருஷத்திலிருந்து அவர் கடை முன்னால் என் புல்லுக்கு ஆட்கள் காத்து நின்றார்கள்.

காலையில் பனி முழுதும் வற்றிய பிறகுதான் அறுப்பேன். மெல்லிசாகப் பரப்பி, மதியத்துக்குள் மூன்று தடவை புரட்டுவேன். மூன்று மணிக்கு வரிசையாகக் கூட்டி, மூங்கில் முக்காலிகளில் ஏற்றிவிடுவேன். பனி மேல் புல்லோடு நின்றுவிடும், உள்ளே காற்று ஓடும். மூன்றாம் நாள் ஒரு பிடி எடுத்துத் துணியைப் பிழிவதுபோல் முறுக்கிப் பார்ப்பேன். பிறகு உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் புல்லும் ஒரு கரண்டி உப்பும் போட்டுக் குலுக்குவேன். உப்பு உதிரியாகவே இருந்தால் கட்டலாம். கட்டியானால் இன்னும் ஒரு நாள். இலை உதிராமல், பச்சை மாறாமல், தேயிலைப் பெட்டியைத் திறந்த மாதிரி வாசனை வரவேண்டும். துறைமுகத்தில் கழித்துப்போட்ட மரப் பலகைகளை வாங்கிவந்து தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்தித்தான் அடுக்குவேன். அந்தக் கட்டுகளுக்குப் பச்சைக் கயிறு.

நீலக் கயிற்றுக்கு வருகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஜனவரியில், எதிர்பாராமல் இரண்டு நாள் மழை பிடித்துக்கொண்டது. முப்பது கட்டு உள்ளே சூடேறிப் பூஞ்சை பூத்துப்போனது. அப்படியே மாட்டுக்குப் போட முடியாது. ருக்குவிடம், "இதைப் பிரித்து நன்றாக உதறி, தூசியெல்லாம் போன பிறகு ஒதுக்கிவை" என்று சொன்னேன். மழை என்பதால் கொட்டகையின் படுதாவை இறக்கிவிட்டிருந்தோம். அவள் காலையெல்லாம் உள்ளே நின்று உதறினாள். சாயங்காலம் காய்ச்சல், நடுக்கம், விடாத இருமல். மூச்சு வாங்கியது. நாலு நாள் படுத்துவிட்டாள்.

அந்த வாரம்தான் அவள் கப்பல் ஏறுவதாக இருந்தது. எங்கள் ஒரே மகள் ஷோபனா திருச்சியில் இருக்கிறாள். "அப்பாவும் அம்மாவும் அங்க தனியா என்ன பண்றீங்க, நிலத்தை வித்துட்டு வந்துடுங்க" என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ருக்குவுக்கும் அதே நினைப்புத்தான். நிலத்தைக் கேட்டு ஒரு ரிசார்ட் பார்ட்டி இரண்டு தடவை வந்து போயிருந்தது. ருக்கு போய்ப் பேரனைப் பார்த்துவிட்டு, அங்கேயே ஒரு வீடும் பார்த்துவிட்டு வருவதாகத் திட்டம்.

"நீங்க உங்க புல்லைக் கட்டிக்கிட்டு அழுங்க. எனக்கு மனுஷங்க வேணும்" என்றாள் என்னிடம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பத்தெட்டு வருஷம் கூட இருந்தவன் அவள் கணக்கில் மனுஷனே இல்லையா என்று நினைத்தேன். மனசு வலித்தது. அதை நான் மறைக்கவில்லை.

காய்ச்சலால் அவள் கப்பல் ஏறவில்லை. ஐந்தாம் நாள் எழுந்து, எனக்குக் காபி போட்டுக்கொடுத்து, "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் விடுங்க" என்றாள். அன்று வீடு வீடாக இருந்தது. எனக்கு விஷயம் புரிந்ததும் அன்றுதான்.

புரிந்தது என்றால், அது எனக்கு முன்பே தெரிந்த விஷயம். தீவனப் பயிற்சிக்கு ஒரு தடவை போயிருந்தபோது அங்கே பாடம் எடுத்தவர் சொல்லியிருந்தார்: பூஞ்சை பிடித்த புல்லைத் தொடும்போது மூக்கில் துணி கட்டுங்கள், அந்தத் தூசி உள்ளே போய்ச் சேர்ந்தால் நுரையீரல் மெல்ல மெல்லத் தோலாகிவிடும் என்று. அன்றிலிருந்து நான் கொட்டகைக்குள் துண்டு கட்டாமல் போனதில்லை. ருக்குவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

அடுத்த பருவத்திலிருந்து நானே பத்துக் கட்டு, பதினைந்து கட்டு தனியாகச் செய்தேன். உங்கள் அதிகாரிக்குப் புரியாமல் போனது இந்த இடம்தான். ஈரம் போகாமல் கட்டினால் பூஞ்சை வந்துவிடும் என்று அவன் எழுதியிருக்கிறான். அப்படி எளிதாக வந்துவிடாது. ஈரம் ரொம்ப இருந்தால் அழுகிக் கறுத்து நாறும், யாரும் கிட்டே போகமாட்டார்கள். சில சமயம் தானாகவே தீயும் பிடிக்கும். குறைவாக இருந்தால் ஒன்றும் ஆகாது. வாசனை பெரிதாகக் கெடாமல், உதறினால் மாவுபோல் வெள்ளையாகப் பறக்கிற பதம் ஒன்று இருக்கிறது. அதைப் பிடிக்க எனக்கு ஒரு பருவம் முழுவதும் ஆனது. நல்ல புல்லுக்குப் பார்த்த அதே கவனத்தோடுதான் இதையும் பார்த்தேன். தினமும் கட்டுக்குள் கையை விட்டுச் சூடு பார்த்தேன். கலந்துபோய் மாட்டுக்குப் போய்விடக்கூடாது என்பதற்காக இவற்றுக்கு நீலக் கயிறு கட்டினேன்.

மாடுகளுக்கு ஒரு நாள்கூட அதைப் போட்டதில்லை. மாடுகள் வாயில்லா ஜீவன்கள்.

ருக்குவுக்கு வாரத்தில் இரண்டு நாள் நீலக் கட்டு உதறுகிற வேலை. கோழிக்குப் படுக்கை போட வேண்டும், தென்னம்பாத்திக்கு மூடாக்குப் போட வேண்டும் என்று ஏதாவது காரணம் இருக்கும். அவள் முணுமுணுத்துக்கொண்டே செய்வாள். "இந்த நீலக் கயித்துக் கட்டு மட்டும் ஏங்க இப்படிப் பொகையுது?" என்று ஒரு தடவை கேட்டாள். அடிப் புல், அப்படித்தான் இருக்கும் என்றேன். நான் சொன்னால் அவள் நம்புவாள். புல் விஷயத்தில் என்னை நம்பாதவர்கள் யார்?

இருமல் நிரந்தரமானது. ஆஸ்பத்திரிக்கு நானே அழைத்துப்போனேன், ஒரு தடவைகூடத் தட்டிக்கழித்ததில்லை. டாக்டர் ஒவ்வொரு முறையும், வீட்டில் தூசி உண்டா, புகை உண்டா என்று கேட்பார். அவளுக்கு மூச்சு வாங்கும் என்பதால் நான்தான் பதில் சொல்வேன். சமையல் புகைதான் சார் என்பேன். கேஸ் அடுப்பு வந்து இருபது வருஷமாகிறது. ஆஸ்துமா என்று எழுதி, இழுக்கிற மருந்து கொடுத்தார். ஒரு வாரம் அங்கேயே படுக்கையில் போட்டால் முகம் தெளிந்துவிடும். வீட்டுக்கு வந்து பத்து நாளில் பழையபடி ஆகும். ஈரமில்லாத ஊருக்கு மாற்றிப் பாருங்கள், மெயின்லேண்ட் போனால் நல்லது என்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். நான் வெளியே வந்து ருக்குவிடம், "பிளேனும் கூடாது, கப்பலும் கூடாது, அந்தக் காற்று உனக்கு ஒத்துக்காதாம்" என்றேன். அவள் அழுதாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிற்கும் இடம் வரை நடந்தேன். அவள் அப்படி என்மேல் சாய்ந்து நடந்து ரொம்ப வருஷம் ஆகியிருந்தது.

ஒரே ஒரு தடவை வாய் தவறியது. போன மார்ச்சில் அப்துல் ஹாதி புல் ஏற்ற வண்டியோடு வந்திருந்தார். கொட்டகையின் ஓரத்தில் நீலக் கட்டு ஒன்று பிரிந்து கிடந்ததைப் பார்த்துவிட்டார்.

"க்யா அண்ணே, பாரிஷ்ல நனைஞ்சிருச்சா? உங்களுக்கே பதம் தப்பிருச்சுன்னா நாங்கெல்லாம் எங்க போறது?" என்று சிரித்தார்.

"எனக்குப் பதம் தப்பாது பாய். அது நான் வேணும்னு பண்ணது."

"வேணும்னா? எதுக்கு அண்ணே?"

மூடாக்குக்கு என்று சமாளித்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். நல்ல மனுஷர், எதையும் தோண்டமாட்டார். ஆனால் அன்றைக்கெல்லாம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மாட்டிக்கொள்வோம் என்ற பயம் பாதிதான். நான் புல்லைக் கோட்டைவிட்டேன் என்று ஒருவர் நினைத்துக்கொண்டு போகிறாரே என்பதுதான் மீதி.

தீபாவளிக்குப் பிறகு ருக்குவால் கொட்டகை வரை நடக்க முடியவில்லை. கட்டிலோடு சரி. நான் அவளை நன்றாகவே பார்த்துக்கொண்டேன். கஞ்சி வைத்தேன், தலை வாரிவிட்டேன், வெந்நீர் வைத்துத் துடைத்துவிட்டேன். அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள். புருஷன் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று பெண்கள் சொன்னார்கள்.

ஒரு மாதத்தில் அவள் தேறத் தொடங்கினாள். தூசி இல்லை அல்லவா. டிசம்பர் பாதியில் தானாக எழுந்து உட்கார்ந்தாள். போனில் ஷோபனாவோடு இருமாமல் பேசினாள். ஷோபனா திருச்சியில் ஒரு டாக்டரைக் கேட்டிருக்கிறாள். பிளேனில் தாராளமாக வரலாம், தேவைப்பட்டால் ஆக்சிஜன் ஏற்பாடு செய்யலாம் என்று அவர் சொல்லிவிட்டார். பிப்ரவரி இருபதாம் தேதிக்கு டிக்கெட் போட்டுவிட்டாள். தானே வந்து அழைத்துப்போவதாகச் சொன்னாள்.

"நம்ம டாக்டர் கூடாதுன்னாரேங்க?" என்று ருக்கு என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. யோசனையாகப் பார்த்தாள். அதை என்னால் தாங்க முடியவில்லை.

மழைக்காலம் முழுதும் ஓதமேறி அவளுடைய இலவம்பஞ்சு மெத்தை கட்டியாகிப்போயிருந்தது. நான் அந்த உறையைப் பிரித்து, பஞ்சை எடுத்துவிட்டு, புல் அடைத்துத் தைத்தேன். தலையணைக்கும் அப்படியே. தையல் எனக்கு நன்றாக வரும், ஸ்டோரில் படுதா தைத்த கை. எட்டு நீலக் கட்டு பிடித்தது. தைக்கும்போது முகத்தில் இரண்டு சுற்றுத் துண்டு கட்டியிருந்தேன்.

"என்னமோ நெடி அடிக்குதுங்க" என்றாள் முதல் நாள். புதுப் புல், பழகிவிடும் என்றேன். குளிர்காற்று பட்டால் இருமல் கூடும் என்று ஜன்னலைச் சாத்திவைத்தேன். நான் கூடத்தில் படுத்துக்கொண்டேன்.

நிலத்துக்காகச் செய்தேன் என்று ஷோபனா உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அதுவும் தவறு. ருக்குவுக்குப் பிறகு நிலத்தில் ஷோபனாவுக்கும் பங்கு உண்டு என்பது எனக்குத் தெரியாதா? அவள் விற்கச் சொன்னால் என்னால் என்ன செய்ய முடியும்? நிலத்தின் மேல் ஆசைப்பட்டவன் ருக்குவை நூறு வயது வரை உயிரோடு வைத்திருப்பான். எனக்கு வேண்டியிருந்தது அவள் இங்கே இருப்பது மட்டும்தான். மூன்று வருஷம் அது நடந்தது. ஒரு சண்டை இல்லை. ரிசார்ட் பேச்சு இல்லை. நான் வயலிலிருந்து வரும்போது வீட்டில் அவள் இருந்தாள்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி நல்ல வெயில். இந்தப் பருவத்தின் இரண்டாவது அறுப்பு. புரட்டுவதற்காக நான் வயலில் இருந்தேன். ருக்குவுக்குக் காலையிலிருந்தே உதடு நீலமாகத்தான் இருந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கலாம். புல் மூன்றாம் புரட்டலில் இருந்தது, அப்போது விட்டால் மேல்பக்கம் வெளுத்துவிடும். முக்காலிகளில் ஏற்றி முடித்துவிட்டு நாலு மணிக்கு வந்தபோது அவள் இறந்திருந்தாள்.

மெத்தையை அன்றே பிரித்துக் கொல்லையில் போட்டு எரித்தேன். இறந்தவர் படுத்த படுக்கையை வைத்திருக்கக்கூடாது என்பது வழக்கம்தானே, யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதனால்தான் உங்கள் ரிப்போர்ட்டில் மெத்தை இல்லை. கொட்டகை மட்டும் இருக்கிறது. அறியாமை இருக்கிறது. விபத்து இருக்கிறது.

எனவே, என் சுயநினைவோடு எழுதிக்கொடுப்பது: ருக்கு என்கிற ருக்மணியை மூன்று பருவமாக அந்தத் தூசியைச் சுவாசிக்கவைத்தவன் நான். கடைசி ஆறு வாரம் அதன்மேலேயே படுக்கவைத்தவனும் நான். தெரியாமல் செய்யவில்லை. நீலக் கட்டுகள் உலர்த்தத் தெரியாமல் கெட்டவை அல்ல, அந்தப் பதத்துக்கே கட்டப்பட்டவை. அந்த வரியை மாற்றி எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். பிறகு எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. ஷோபனா இதைத் தவறாக எடுத்துக்கொள்வாள் என்பதால்தான். அன்று நான் உள்ளே போனபோது ருக்கு கட்டிலிலிருந்து பாதி சரிந்து, ஜன்னல் பக்கமாகக் கிடந்தாள். தலைமாட்டில் மெத்தையின் தையலை நகத்தாலேயே ஒரு முழத்துக்குப் பிரித்திருந்தாள். தரையெல்லாம் புல். இரண்டு கையிலும் இறுகப் பிடித்திருந்தாள், விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க முடிந்தது. இத்தனை வருஷத்தில் நான் செய்த புல்லை அவளாக ஒரு நாளும் ஆசையாகக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. கடைசியிலாவது பார்க்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது.